ட்ரெயின் ராத்திரி எங்க தூங்குது?

போன எபிசோடுக்கு நிறைய வாய்ஸ் நோட் வந்திருந்துது. அதுல பாதிப் பேர் கேட்டது ரெண்டே கேள்விதான். பீக் அவர்ல ஏன் இன்னும் நிறைய ட்ரெயின் விட மாட்டேங்கிறாங்க? சென்ட்ரலுக்கு வர்ற எக்ஸ்பிரஸ் ஏன் பேசின் பிரிட்ஜ் கிட்ட வந்து நின்னுடுது? ரெண்டுக்கும் பதில் கிட்டத்தட்ட ஒரே இடத்துல இருக்கு. நாம யாரும் இறங்காத இடம் அது: ஷெட், யார்டு, தமிழ்ல பணிமனை.

முதல்ல சென்ட்ரல். அது ஒரு முட்டுச்சந்து. தண்டவாளம் அங்கேயே முடிஞ்சிடுது. கோயம்புத்தூர்ல இருந்து ஒரு ட்ரெயின் வந்து நின்னா, இன்ஜின் முட்டுச்சுவர் பக்கம் மாட்டிக்கும். பின்பக்கம் இன்னொரு இன்ஜின் வந்து, காலிப் பெட்டிகளை பேசின் பிரிட்ஜ் யார்டுக்கு இழுத்துட்டுப் போகணும். அதுக்கப்புறம்தான் வந்த இன்ஜின் வெளியே வர முடியும். இந்த ஷண்டிங் வேலை வந்தே பாரத்துக்குக் கிடையாது. ரெண்டு பக்கமும் டிரைவர் கேபின் இருக்கிறதால ஓட்டுறவர் மட்டும் அந்தப் பக்கம் மாறினா போதும்.

பேசின் பிரிட்ஜ்ல என்ன நடக்குது? பிட் லைன்னு ஒண்ணு இருக்கு. தண்டவாளத்துக்கு நடுவுல பள்ளம் மாதிரி இருக்கும். அதுல ஆள் இறங்கி நின்னு சக்கரம், பிரேக், ஸ்பிரிங் எல்லாத்தையும் கீழே இருந்து பார்ப்பாங்க. மேல கழுவுறது, தண்ணி ஏத்துறது, கழிப்பறை சரிபார்க்கிறது. முழுப் பராமரிப்புன்னா பல மணி நேர வேலை. எல்லாம் முடிஞ்சு பிரேக் பவர் சர்டிஃபிகேட் கையில கிடைச்சாதான் அந்த வண்டி கிளம்ப முடியும்.

இப்போ கணக்கைப் பாருங்க. உங்களுக்கு அது ஒரு ட்ரெயின். ஸ்டேஷன் வாசல்ல இருக்கிற தண்டவாளத்துக்கு அது நாலு ட்ரெயின். ஆளோட வருது, காலியா யார்டுக்குப் போகுது, காலியா திரும்ப வருது, ஆளோட கிளம்புது. இந்தக் காலி வண்டிகள் எந்த டைம்டேபிள்லயும் நம்ம கண்ணுக்குத் தெரியாது. அதுல ஒண்ணு குறுக்கே கடந்தா, பின்னாடி வர்ற எக்ஸ்பிரஸ்ஸுக்கு சிவப்பு சிக்னல். வியாசர்பாடியைத் தாண்டி நீங்க பெட்டியை இறக்கி வச்சுட்டு நிக்கிற அந்தப் பத்து நிமிஷத்துக்குப் பின்னாடி பெரும்பாலும் இந்த மாதிரி ஏதாவது ஒண்ணு இருக்கும்.

காலி வண்டின்னா சாதாரணமா நினைக்காதீங்க. 2023 அக்டோபர் 24 காலையில, அன்னனூர் ஷெட்ல இருந்து வந்த ஒரு காலி மின்சார ரயில் ஆவடி கிட்ட தடம் புரண்டுது. உள்ளே பயணிகள் யாரும் இல்ல, நல்லவேளை. ஆனா அந்தப் பாதையில ரயில் போக்குவரத்தே பாதிக்கப்பட்டுது.

அடுத்தது லோக்கல் ட்ரெயின். பீச் டு தாம்பரம் மின்சார ரயில் 1931லயே ஓட ஆரம்பிச்சுது. ஷெட் இருக்கிறது தாம்பரத்துல, அதாவது புறநகர் பக்கம். இதுல ஒரு லாஜிக் இருக்கு. காலையில கூட்டம் போறது தாம்பரத்துல இருந்து ஊருக்குள்ள. வண்டி அங்கேயே தூங்கி எழுந்தா, ஷெட்டை விட்டு வெளிய வந்ததுமே ஆளை ஏத்திக்கலாம். ஷெட் ஊருக்குள்ள இருந்திருந்தா, தினமும் விடியற்காலையில காலி வண்டிகளை எதிர்ப்பக்கம் ஓட்டிட்டுப் போய் நிறுத்தணும்.

சரி, அப்போ இன்னும் நிறைய ட்ரெயின் விடலாமே? ஒரு தோராயக் கணக்கு போடுவோம். போக 55 நிமிஷம், வர 55 நிமிஷம், ரெண்டு முனையிலயும் அஞ்சஞ்சு நிமிஷம். மொத்தம் ரெண்டு மணி நேரம். பத்து நிமிஷத்துக்கு ஒண்ணு விடணும்னா 12 ரேக் வேணும். அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணுன்னா 24. 12 பெட்டி ரேக் ஒண்ணு சுமார் 250 மீட்டர் நீளம். அப்போ கூடுதலா வர்ற 12 ரேக்கை ராத்திரி நிறுத்தவே மூணு கிலோமீட்டர் தண்டவாளம் வேணும். பிட் லைன், ஸ்பேர் வண்டி, வேலை பார்க்க ஆள் எல்லாம் தனி. புது ட்ரெயின் வாங்குறது ஈஸி. அதைப் படுக்க வைக்க இடம் பிடிக்கிறதுதான் கஷ்டம்.

ராத்திரி முழுக்க ஏன் ஓட்டலைங்கிறதுக்கும் பதில் இதுலயே இருக்கு. நள்ளிரவை ஒட்டி கடைசி ட்ரெயின், நாலு மணியை ஒட்டி முதல் ட்ரெயின். நடுவுல கிடைக்கிற அந்தக் கொஞ்ச நேரத்துலதான் ரேக்கைப் பார்க்கணும், தண்டவாளத்தைப் பார்க்கணும், 25,000 வோல்ட் மேல்கம்பியில கரண்டை நிறுத்தி வேலை செய்யணும். நம்ம ஐடி பாஷையில மெயின்டனன்ஸ் விண்டோ. ஆனா இங்க பேக்கப் சர்வர் கிடையாது. லைன் கூடுதலா இருந்து, ரேக்கும் கூடுதலா இருந்தா மட்டும்தான் ஒண்ணை நிறுத்திட்டு இன்னொண்ணை ஓட்ட முடியும்.

மெட்ரோவுலயும் இதே கதைதான். சென்னையில 2015ல முதல்ல திறந்தது கோயம்பேடு டு ஆலந்தூர். ஏன் சென்ட்ரல் இல்ல, ஏன் அண்ணா சாலை இல்ல? டிப்போ கோயம்பேட்டுல இருக்கு. இரண்டாம் கட்டத்துல 2025 மார்ச்ல சோதனை ஓட்டம் தொடங்கினது பூந்தமல்லியில. அங்கேயும் டிப்போதான். ட்ரெயின் முதல்ல தன் வீட்டு வாசல்லதான் நடை பழகும்.

ஹோட்டல், ஹாஸ்பிடல், பிபிஓன்னு பதினோரு மணிக்கு மேல ஷிப்ட் முடியிறவங்க எவ்வளவு பேர் இருக்காங்க? கடைசி ட்ரெயினை விட்டா அவங்களுக்கு ஆட்டோவுக்கே அன்னைக்குச் சம்பளத்துல ஒரு பங்கு போயிடும். அவங்களுக்காக "ட்ரெயின் விடுங்க"ன்னு மட்டும் கேட்டா, "ரேக் இல்ல"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுடலாம். ஷெட் எங்க, பிட் லைன் எத்தனை, கூடுதல் பாதை எப்போன்னு கேட்டா, அதுக்கு அப்படி ஒத்தை வார்த்தையில பதில் சொல்லிட முடியாது. அடுத்த தடவை உங்க ஏரியாவுக்கு ஒரு புது லைன் அறிவிச்சா, ஸ்டேஷன் பேர் லிஸ்ட்டைப் பார்க்கிறதுக்கு முன்னாடி டிப்போ எங்க வருதுன்னு தேடுங்க.

உங்க ஊர் ஷெட்டைப் பத்தி ஏதாவது தெரிஞ்சா வாய்ஸ் நோட் அனுப்புங்க. அப்பா அம்மா யாராவது ரயில்வேல வேலை பார்த்திருந்தா அவங்களையே பேச வைங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.