தோடர் போர்வையும் பைக்காரா புல்வெளியும்

உதகையிலிருந்து கூடலூர் போகும் சாலையில் ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் பைக்காரா வருகிறது. சுற்றுலா வருபவருக்கு அது அருவியும் படகுத்துறையும். நீலகிரிப் பழங்குடியினரான தோடருக்கோ அது தெய்வ ஆறு. போர்வை போர்த்திய தோடர் ஆற்றைக் கடக்கும்போது வலக்கையைப் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டுதான் கடப்பார். ஆற்றுக்குச் செய்யும் மரியாதை அது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீலகிரிக்கு வந்து தோடர்களை ஆராய்ந்த மானிடவியலாளர் ரிவர்ஸ், 1906இல் வெளியான தம் நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

1932இல் இந்த ஆற்று நீரிலிருந்து மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். அந்த மின்சாரம் சமவெளிக்கு இறங்கிய பிறகே கோவையில் பஞ்சாலைகள் பெருகின. அணைகள் வந்தபோது மேய்ச்சல் நிலத்தில் ஒரு பகுதி நீருக்கடியில் போனது. மிஞ்சிய புல்வெளியில் பெரும்பங்கைச் சீகையும் கற்பூர மரமும் தேயிலையும் உருளைக்கிழங்கும் பிடித்துக்கொண்டன. புல்வெளியைத் தரிசு நிலம் என்று காகிதத்தில் எழுதியதுதான் இதில் பெரிய பிழை.

தோடர் வாழ்வு எருமையைச் சுற்றியது. அவர்கள் இறைச்சி உண்ணாதவர்கள். பாலும் நெய்யும் கொடுத்து, அண்டை மக்களான படகரிடம் தானியமும் கோத்தரிடம் மண்பாண்டமும் இரும்புக் கருவியும் பெற்றார்கள். அவர்களின் கோயிலே ஒரு பால்மனைதான். மேய்ச்சல் சுருங்கியதும் மந்தை சுருங்கியது. மந்து எனப்படும் தோடர் குடியிருப்புகள் பலவற்றில் எருமையை விரல்விட்டு எண்ணிவிடலாம். இன்று தோடர்களின் தொகையே சுமார் 2,000தான்.

இந்த நிலையில் கைகொடுத்தது பெண்களின் தையல். பூத்துக்குளி எனப்படும் போர்வை கெட்டியான வெள்ளைப் பருத்தித் துணி. அதில் சிவப்பும் கறுப்புமாகப் பட்டைகள் ஓடும். துணியைத் தோடர்கள் நெய்வதில்லை, வெளியிலிருந்து வாங்குகிறார்கள். பூவேலை மட்டும் அவர்களுடையது. துணியில் வரைந்துகொள்வதில்லை, சட்டத்தில் இழுத்துக் கட்டுவதுமில்லை. இழைகளை விரலால் தடவி எண்ணி, சிவப்பு, கறுப்பு நூலை ஊசியில் கோத்து ஏற்றுகிறார்கள். ஓர் இழை தப்பினால் கோலம் கோணிவிடும். தையல் துணியின் உள்பக்கத்திலிருந்து நடக்கிறது. நூல் புடைத்துக் கரடாக நிற்கும் பக்கமே அவர்களுக்கு நல்ல பக்கம். புதிதாகப் பார்ப்பவர் இருபக்கத்தில் எது மேல்பக்கம் என்று சொல்லத் தடுமாறுவார். ஒரு போர்வை முடிய வாரக்கணக்காகும். இறந்தவரின் உடலைச் சுற்றுவதும் இத்தகைய போர்வைதான்.

இந்தத் தையலுக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தோடா நலவாழ்வுச் சங்கம், கோத்தகிரி கீஸ்டோன் அறக்கட்டளை, தமிழக அரசின் கைவினை நிறுவனமான பூம்புகார் ஆகியவை சேர்ந்து அதற்கு முயன்றன. போர்வையோடு கைப்பை, மேசைவிரிப்பு, துண்டு என்று விற்பனைச் சரக்கும் பெருகியது. மந்தை தந்த வருமானம் போன இடத்தில் வீட்டிலிருந்தபடி ஈட்டும் காசு வந்தது. அதுவும் பெண்கள் கையில் வந்தது. ஆனால் குறியீடு பெயரைத்தான் காக்கும். எந்திரத்தில் அச்சடித்த போலி பாதி விலைக்குக் கிடைக்கும்போது, இழை எண்ணித் தைத்தவளுக்குச் சேரவேண்டிய கூலியை அது தானாக வாங்கித் தராது. வாங்குபவர் துணியைத் திருப்பிப் பார்க்கப் பழகவேண்டும்.

தையல் ஒன்றே போதும் என்பதும் சரியல்ல; நிலமும் வேண்டும். தோடர் கோயிலின் கூரைக்கு எல்லாப் புல்லும் ஆகாது; மலைச் சதுப்பில் மட்டும் வளரும் ஒரு புல் வேண்டும். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மேய்ச்சலையும் வனப்பொருள் சேகரிப்பையும் சமூக உரிமையாக ஏற்கிறது. சீகை மரங்களை அகற்றிப் புல்வெளியை மீட்கும் வேலையும் சில இடங்களில் நடக்கிறது. சதுப்புகள் காய்கறித் தோட்டமாகிவிட்ட பக்கங்களில், கூரை மாற்றும் காலம் வந்தால் ஆண்கள் அந்தப் புல்லைத் தேடி முன்பைவிட நெடுந்தூரம் நடக்கவேண்டியிருக்கிறது.