ஜெனரேட்டர் வாசலுக்கு வெளியே இருக்கட்டும்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம்தான் கரை கடந்தது. ஆனா கீரமங்கலம், ஆலங்குடி வரைக்கும் தென்னையும் பலாவும் சாய்ந்து கிடந்ததை நாம மறக்கல. பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. போர்வெல் ஓட ஜெனரேட்டரை வாடகைக்குத் தேடி அலைஞ்சோம்.

அந்த ஜெனரேட்டரைப் பத்திதான் முக்கியமா சொல்லணும். மழையில நனையுதுன்னு வீட்டுக்குள்ளயோ திண்ணையிலயோ வைக்காதீங்க. அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தலைவலி, வாந்தி, மயக்கம்னு தொடங்கும்; தூங்குறவங்களுக்கு அதுகூடத் தெரியாது. ஜன்னல் திறந்திருக்கேன்னு நினைக்க வேண்டாம். வீட்டை விட்டு 20 அடியாவது தள்ளி வையுங்க. கரி அடுப்பும் அப்படித்தான், வெளியே.

ஜெனரேட்டர் ஒயரை வீட்டு பிளக்கில் செருகுறதும் தப்பு. அந்த மின்சாரம் லைனுக்குத் திரும்பிப் போய், நமக்காகக் கம்பத்தில் ஏறி நிற்கிற ஊழியரைத் தாக்கும்.

சாய்ந்த மரத்தை வெட்டும் முன்னாடி கம்பி சிக்கியிருக்கான்னு பாருங்க. இருந்தா கிட்டப் போகாம, மின்னகத்துக்கு 94987 94987-ல் சொல்லுங்க. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. ரெண்டையும் இப்பவே போனில் பதிஞ்சுக்கோங்க. டவர் போன பிறகு தேட முடியாது. குடிதண்ணியை கொதிக்க வைத்தே குடிங்க.