‘நல்ல’ என்றொரு சொல்

இராஜபாளையத்திற்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே பேருந்தில் அரை மணி நேரத் தொலைவுதான். ஆயினும் ‘நல்ல’ என்னும் சிறு அடைமொழி அதற்குள் பொருள் மாறிவிடுகிறது. இராஜபாளையத்தில் தலைமுறை தலைமுறையாகத் தெலுங்கை வீட்டுமொழியாகக் கொண்ட குடும்பங்கள் பல உண்டு. அங்கே ஒரு துணிக்கடையில், திருமணத்திற்குப் புடைவை எடுக்க வந்த மூதாட்டி ஒருவர், ‘நல்ல சீர’ வேண்டாமென்று மகளிடம் கூறக் கேட்டேன். நல்ல புடைவையை வேண்டாமென்பாரும் உண்டோ? தெலுங்கில் ‘நல்ல’ என்றால் கறுப்பு. அம்மையார் மறுத்தது கறுப்புப் புடைவையை.

ஒலி ஒன்றாயிருப்பதால் இரண்டும் ஒரே சொல்லாகுமா? ஆகாது. நம்முடைய சொல் ‘நல்’ என்னும் அடியிற் பிறந்தது. மலையாளத்திலும் அதற்கு அதே பொருள். கன்னடத்தில் ‘நல்ல’ என்பது காதலனைக் குறிக்கும். தெலுங்குச் சொல்லோ, ‘நள்ளிருள்’ என்பதிலுள்ள ‘நள்’ என்பதற்கு உறவு. நம் ‘கள்’ளும் ‘முள்’ளும் தெலுங்கில் ‘கல்லு’, ‘முல்லு’ என வழங்குவதை நோக்கினால் இது விளங்கும்.

ஐரோப்பாவில் இதற்கு மறுதலையான செய்தி ஒன்றுண்டு. இலத்தீன் ‘லார்குஸ்’ என்பதன் வழிவந்த ‘லார்கோ’ இத்தாலியத்தில் அகலத்தையும், ஸ்பானியத்தில் நீளத்தையும் குறிக்கும். அங்கே ஒரு வேர் இரு பொருளாய்ப் பிரிந்தது. இங்கே இரு வேர்கள் ஓர் ஒலியிற் கூடின.

ஆதலால், உறவைச் செவியால் மட்டும் அளத்தல் கூடாது, வழக்கையும் காணவேண்டும். எள்ளிலிருந்து எடுப்பதை நாம் நல்லெண்ணெய் என்கிறோம். தெலுங்கர் ‘மஞ்சி நூனெ’ என்பர். ‘மஞ்சி’ என்றால் நல்ல என்பதே பொருள். குடிநீர் நமக்கு நல்ல தண்ணீர். அவர்களுக்கு ‘மஞ்சி நீள்ளு’. சொல் வேறு, நினைப்பு ஒன்று.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் கதையைக் கிருஷ்ணதேவராயர் 16-ஆம் நூற்றாண்டில் ‘ஆமுக்தமால்யதா’ என்னும் தெலுங்குக் காவியமாக்கினார். அவள் காதலித்த கண்ணனைத் தெலுங்கர் ‘நல்லனய்ய’ என்பர். கரியவன் என்பது பொருள். தமிழர்க்கு அவன் நல்லவன். கன்னடச் சொல்லின்படி காதலன். மூன்று பொருளும் அவனுக்குப் பொருந்துகின்றன!

வீட்டில் தெலுங்கு பேசி, பள்ளியில் தமிழ் மட்டுமே கற்ற பிள்ளைகள் இப்பக்கத்தில் பலர். எழுத்திலேறாத வழக்குகள் பேசுவோர் நாவில்தான் வாழ்கின்றன; அவர்களோடு அவையும் மறையும். பாட்டிமார் இருக்கும்போதே கேட்டுக் குறித்து வையுங்கள். அண்டை வீட்டார் பேச்சு விந்தையாய்த் தோன்றினால் நகையாது பொருள் கேளுங்கள். நம் சொல்லின் பொருளும் அப்போது தெளிவாகும்.