குரோமேட் இல்லாத காப்பு: வானூர்தியும் தொழிலாளர் உயிரும்



மெர்போக் ஆறு கடலோடு கலக்கும் தஞ்சோங் டாவாயில் உப்புக்காற்றின் வலிமையை விளக்கத் தேவையில்லை. தகரக் கூரையும் படகின் ஆணியும் அதனை நாள்தோறும் காட்டுகின்றன. உலோகம் இவ்வாறு அரிக்கப்படுவதை அரிமானம் என்கிறோம். இரும்பில் அது துருவாக வெளிப்படும்; வானூர்தியின் அலுமினியத்திலோ வண்ணப்பூச்சின் அடியில் மறைந்தே வளரக்கூடும். 1988 ஏப்ரல் 28 அன்று, ஹவாய்த் தீவுகளுக்கிடையே 24,000 அடி உயரத்தில் பறந்த அலோகா நிறுவன வானூர்தியின் மேற்கூரை பிய்ந்து பறந்தது. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். உலோகச் சோர்வும், ஒட்டப்பட்ட தகடுகள் விலகியதும், கடற்காற்றின் அரிமானமும் அதற்குப் பின்னணியாக இருந்தன.

தூய அலுமினியம் மென்மையானது. ஆகவே, வானூர்திக்குரிய 2024 என்னும் கலவையில் நூற்றுக்கு ஏறத்தாழ 4 பங்கு செம்பு சேர்க்கிறார்கள். வலிமை தரும் அச்செம்பே தீங்கும் செய்கிறது. உப்புநீர் பட்டதும் செம்பு மிகுந்த துகளும் சுற்றியுள்ள அலுமினியமும் சிறு மின்கலமாகின்றன, அலுமினியம் கரைகிறது.

இதனைத் தடுக்கப் பல்லாண்டுகளாகப் பயன்பட்டது குரோமேட் கலந்த அடிப்பூச்சு. ரப்பர் மரத்தை வெட்டினால் பால் கசிந்து உறைந்து அவ்வெட்டை மூடுவதை நாம் அறிவோம். அதுபோலவே, பூச்சில் கீறல் விழுந்தால் குரோமேட் ஈரத்தில் கரைந்து சென்று, அங்கே புதிய படலமாகப் படிகிறது.

ஆனால் உலோகத்தைக் காக்கும் அப்பொருள் மனிதரைக் காப்பதில்லை. ஆறிணைதிற குரோமியம் புற்றுநோயை உண்டாக்கும் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 1990இல் வகைப்படுத்தியது. பூச்சைத் தெளிப்பவரும் பழைய பூச்சைத் தேய்த்தெடுப்பவரும் அதன் தூசியைச் சுவாசிக்க நேர்கிறது. தமிழ்நாட்டின் ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையொன்று விட்டுச்சென்ற ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவு, நிலத்தடி நீரை நஞ்சாக்கியது. பூச்சின் விலையில் இந்த இழப்பு கணக்கிடப்படுவதில்லை.

மாற்று உண்டா? உண்டு, ஆயினும் எல்லாப் பணிகளையும் தனியே செய்யும் ஒரு பொருள் இல்லை. அலுமினியத்தின் ஆக்சைடு படலத்தை மின்வேதி முறையில் தடிப்பாக்க முன்னர்க் குரோமிக் அமிலத்தைப் பயன்படுத்தினர். இன்று ஏர்பஸ் நிறுவனம் அதற்கு மாற்றாகக் கந்தக அமிலத்துடன் டார்டாரிக் அமிலத்தைச் சேர்க்கிறது. நம் வீட்டுப் புளியில் இருப்பதும் இந்த டார்டாரிக் அமிலமே. சீரியம் உப்புகளோ, செம்புத் துகள்மீது படிந்து அம்மின்கலத்தின் செயலை அடக்குகின்றன. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடல் மணலிலுள்ள மோனசைட் கனிமத்தில் சீரியம் உள்ளது. கீறலில் கசிந்து காப்புப் படலம் உண்டாக்கும் லித்தியம் உப்புப் பூச்சுகளும் உருவாகியுள்ளன.

இவற்றை ஏற்பதில் பொறியாளர்கள் காட்டும் தயக்கத்தை நாம் குறைகூற இயலாது. நூற்றுக்கு 5 பங்கு உப்புக் கரைசலை 35 பாகை வெப்பத்தில் மூடுபனியாகத் தெளிக்கும் அறையில், அடிப்பூச்சுகளை 2,000 மணி நேரம் வரை சோதிக்கிறார்கள். அதில் வென்ற பூச்சும், வெயிலும் மழையும் மாறிமாறி வரும் கடற்கரையில் தோற்கலாம். எனவேதான் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம், மண்டபத்தில் உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் வைத்து ஆராய்கிறது. அத்தகைய சோதனைக்கு ஆண்டுகள் தேவை. பயணியின் உயிரும் தொழிலாளியின் மூச்சும் ஒருங்கே காக்கப்பட வேண்டுமெனில், அக்காலத்தைச் செலவிட்டே ஆகவேண்டும்.

மாணவர்களே, இச்சோதனையின் முதற்படியை நீங்களும் செய்யலாம். அலுமினியத் துண்டுகள் இரண்டை எடுத்து, ஒன்றில் மட்டும் செம்புக் கம்பியை இறுகச் சுற்றி, இரண்டையும் உப்புநீரில் வையுங்கள். வாரந்தோறும் கண்டதைத் தமிழிலேயே எழுதிவையுங்கள். ஒரு துறையின் அறிவு நம் மொழிக்குள் வருவது, அத்துறையை நாம் கண்ணால் கண்டு நம் சொல்லால் எழுதும்போதுதான்.