வெலிமடைப் பண்ணையில் பார்த்தது

(தோட்டத்தில் மாடு வளர்ப்போரின் மாதக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



போன மாதம் நம் தோட்டத்திலிருந்து பதினான்கு பேர் வெலிமடைப் பக்கம் ஒரு குடும்பத்தார் நடத்துகிற சின்ன மாட்டுப் பண்ணையைப் பார்த்துவிட்டு வந்தோம். வர முடியாமல் போனவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். "அங்க என்னாங்கய்யா, வெளிநாட்டு மாடா வச்சிருக்காங்க?" என்று மேல் லயத்து அக்கா ஒருவர் கேட்டார். இல்லை. நம்மிடம் இருக்கிற மாதிரி கலப்பு மாடுகள்தான். நாலு பசு, அதில் இரண்டுதான் கறவையில். இரண்டு கன்று, கொஞ்சம் நாட்டுக்கோழி. புருசன், பெண்சாதி, புருசனுடைய வயதான தாய், இந்த மூன்று பேர்தான் எல்லா வேலையும். கூலிக்கு ஆள் கிடையாது.

சரியாகப் பால் கறக்கிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். பதினான்கு பேரும் பேசிக்கொண்டே பட்டிக்குள் நுழையப் பார்த்தோம். அந்த வீட்டு அம்மா கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "நங்கி, கொஞ்சம் வெளிய நில்லுங்க, பயந்துச்சுன்னா பாலை அடக்கிக்கும்" என்று சிங்களத்தில் சொன்னார். நம் பிள்ளைகளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் உண்மை அதுதான். அடித்தாலும் அதட்டினாலும் பசுவுக்குப் பால் இறங்காது. மடியில் தங்குகிற பால் மடிநோய்க்கும் வழி. அந்த அம்மா சுடுதண்ணீரில் துணியை நனைத்து மடியைத் துடைத்தார். கன்றைக் கொஞ்சம் ஊட்டவிட்டார். அப்புறம் கறந்தார். மாட்டின் காலைக் கட்டவில்லை. அது பாட்டுக்கு அசைபோட்டுக்கொண்டு நின்றது. நம் லயத்தில் கறக்கப் போனால் முதல் வேலை பின்னங்காலைக் கட்டுவதுதானே!

கறந்து முடிந்ததும் கழுத்துக் கயிற்றையும் அவிழ்த்துவிட்டார்கள். மூங்கில் அடைத்த சின்ன முற்றம், தரை சரிவாக இருக்கிறது, மூத்திரம் கானில் ஓடிவிடும். படுக்கிற இடத்தில் காய்ந்த புல் போட்டிருக்கிறார்கள். மாடு ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு மணித்தியாலம் படுக்க வேண்டும். நம் மாட்டுக்கு இரண்டு அடிக் கயிறு. படுத்தால் சாணத்தில்தான் படுக்கணும். குளம்பு அழுகுது, மடி வீங்குது என்று அப்புறம் மிருக வைத்தியரைத் தேடி ஓடுகிறோம். மிருகவதைக்கு எதிராக 1907ஆம் ஆண்டிலேயே இந்த நாட்டில் சட்டம் வந்துவிட்டது. சட்டத்துக்குப் பயந்து யாரும் கயிற்றை நீளமாக்கியதாக நான் கண்டதில்லை, அது வேறு கதை.

தண்ணீர் விசயம் எல்லாரும் கவனிக்க வேண்டும். அங்கே தொட்டியில் ராவும் பகலும் தண்ணீர் கிடக்கிறது. பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர்தான். ஒரு லீற்றர் பாலுக்கு மூன்று, நான்கு லீற்றர் தண்ணீராவது மாட்டின் வயிற்றுக்குள் போகணும். நாம் காலையில் பிரட்டுக்குப் போகுமுன் ஒரு வாளி, அந்திக்கு வந்து ஒரு வாளி காட்டுகிறோம். நடுவில் பகல் முழுவதும் அது என்ன செய்யும்? பீலிக்கரை தூரம், தூக்கிவர ஆளில்லை என்பது எனக்கும் தெரியும். ஒரு பழைய பீப்பாயைப் பட்டிக்குள் வைத்து ராத்திரியே நிரப்பி விடலாம்.

இனி கன்று. இதைச் சொல்லத்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. கன்று பிறந்தால் சீம்பாலை எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறோமோ அவ்வளவு நல்லது, ஆறு மணித்தியாலத்தைத் தாண்டவே கூடாது. நோயைத் தாங்குகிற சக்தி அதில்தான் இருக்கிறது. பிறகு 30 கிலோ கன்றுக்கு ஒரு நாளைக்கு மூன்று லீற்றர் பாலாவது வேண்டும். அந்தப் பண்ணையில் கன்றின் பங்கை ஒதுக்கிவிட்டுத்தான் மிச்சம் பால் சேகரிக்கிற இடத்துக்குப் போகிறது. காளைக் கன்றுக்கும் அதே பங்கு. "அதுவும் ஒரு நாளைக்கு விலைக்குப் போகத்தான் போகுது. இருக்கிற வரைக்கும் பட்டினி போடக்கூடாது" என்றார் அந்தக் கிழவி.

நம் தோட்டத்தில் கடன் வாங்கிக் கொடுத்த மாடுகள் ஈன்ற கன்றுகளில் மூன்று செத்துப் போயின. மூன்றும் காளைக் கன்று. கடன் தவணை கட்டணும் என்று பாலைக் கடைசிச் சொட்டு வரை கறந்து ஊற்றியிருக்கிறார்கள். நான் அவர்களைக் குறை சொல்ல வரவில்லை. கடன் பாரத்தில் கையெழுத்து வாங்கியவன் நான். புத்தகத்தில் "பசு வழங்கப்பட்டது" என்று எழுதி மூடி வைத்தவனும் நான்தான். ஒரு பட்டிக்குள்ளாவது குனிந்து பார்க்கவில்லை. "வெல்பெயார் ஐயா வந்தா மாட்டையா பாக்குறாரு, கொப்பியைத்தான் பாக்குறாரு" என்று ஒரு தம்பி சொன்னது என் காதுக்கும் வந்தது. அவர் சொன்னது சரி.

திரும்பி வரும்போது வேனில் ஒரு சகோதரி கேட்டார்: "ஐயா, அவங்களுக்கு முக்கா ஏக்கர் காணி இருக்கு. நமக்கு லயத்துக்குப் பின்னால பத்தடி. புல்லுக்கு எங்க போறது?" எனக்குப் பதில் வரவில்லை. 400 கிலோ மாட்டுக்கு ஒரு நாளைக்கு 40 கிலோ பச்சைப் புல் வேண்டும். கொழுந்து எடுத்துக் களைத்த பிறகு அதைத் தலைச்சுமையாகக் கொண்டு வருகிறவர்கள் நீங்கள். ஆற்றோரத்தில் தேயிலை இல்லாத துண்டுகளில் கினிப்புல் நட அனுமதி கேட்டு நிர்வாகத்துக்கு எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. கேட்டுக்கொண்டே இருப்பேன். எந்த மலையில் களைக்கு மருந்து அடிக்கிறார்கள் என்று பிரட்டுக் களத்தில் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்றும் கேட்டிருக்கிறேன். அது தெரியும்வரை, புல் வாடி மஞ்சளாகத் தெரிகிற இடத்தில் அறுக்காதீர்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு, மேல் லயத்தில் கடைசிக் காம்பராவுக்குப் பின்னால் உள்ள பட்டியை முதலில் பிரித்துச் சரிவுத்தரை போடுகிறோம். அந்த வீட்டுப் பசு இந்த மாதம் ஈனப் போகிறது. மூங்கில் நான் கொண்டு வருகிறேன். மண்வெட்டி இருக்கிறவர்கள் எடுத்து வாருங்கள்.