தொண்டைவலிக்குப் பின் மூன்று வாரம்



தன்னுடல் தாக்குநோய் பற்றிய கருத்தரங்கு பெரும்பாலும் நகரத்து ஓட்டலில்தான் நடக்கும். பேச்சும் லட்சக்கணக்கில் விலை போகும் ஊசிமருந்துகளைச் சுற்றியே நடக்கும். 70 கொண்டை ஊசி வளைவு ஏறி கொல்லிமலைக்கு வந்துவிட்டதால், மலிவான ஓர் ஊசியைப் பற்றிப் பேசும் உரிமையை எடுத்துக்கொள்கிறேன். பென்சிலின்தான் அது. ஏன் என்று சொல்ல, உடலின் எதிர்ப்பாற்றலிலிருந்து தொடங்க வேண்டும்.

நம் தகவமை எதிர்ப்பாற்றல், எந்தக் கிருமி வரும் என்று அறியாமலே தயாராகிறது. சீட்டுக்கட்டைக் கலைப்பதுபோல் மரபணுத் துண்டுகளைக் கலைத்துச் சேர்த்து, கோடிக்கணக்கான ஏற்பிகளைச் செய்துவைக்கிறது. 1976இல் சுசுமு டோனெகாவா இதைக் கண்டுகாட்டினார். வந்த கிருமிக்குப் பொருந்தும் செல் மட்டும் பெருகும். அதற்கு நாளாகும், ஆனால் ஒருமுறை கண்ட கிருமியை மறக்காது.

குருட்டாம்போக்கில் செய்யும்போது நம் உடலையே பிடிக்கும் ஏற்பிகளும் அமையத்தானே செய்யும்? அத்தகைய ஏற்பி தாங்கிய டி செல்களில் பெரும்பாலானவை தைமஸ் சுரப்பியிலேயே மடிகின்றன. தப்புபவற்றை அடக்கவும் தனி டி செல்கள் உண்டு. 1995இல் அவற்றை அடையாளம் காட்டிய ஷிமோன் சகாகுச்சி, மேரி பிரன்கோ, பிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருடன் 2025இல் நோபல் பரிசு பெற்றார். ஆக, தன்னைத் தாக்கக்கூடிய செல் இங்கே அமர்ந்திருக்கும் எல்லோரிடமும் இருக்கிறது. அதை அவிழ்த்துவிடுவது எது? லூபஸிலும் டைப் 1 சர்க்கரை நோயிலும் விடை இன்னும் பாதிதான். ருமாட்டிக் காய்ச்சலில் மட்டும் குற்றவாளியின் பெயரே தெரியும்: ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பையோஜீன்ஸ்.

5 முதல் 15 வயதுப் பிள்ளைக்குத் தொண்டை வலிக்கிறது. நாலைந்து நாளில் தானே ஆறிவிடுகிறது. பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது. இரண்டு மூன்று வாரம் கழித்து முழங்கால் வீங்குகிறது, காய்ச்சல் அடிக்கிறது. கிருமியின் எம் புரதத்துக்கும் இதயத் தசையின் மயோசினுக்கும் சாயல் ஒன்று. கிருமிக்கென்று பெருகிய ஆன்டிபாடியும் டி செல்லும் அந்தச் சாயலில் ஏமாந்து இதய வால்வில் இறங்கிவிட்டன. மரபு காரணமாகச் சிலருக்கே இது நேர்கிறது. ஆனால் ஒருமுறை வந்தவருக்கு அடுத்த தொண்டைப்புண் ஆபத்து. நினைவாற்றல் இங்கே சாபம். ஒவ்வொரு தாக்குதலிலும் வால்வு இன்னும் தழும்பேறுகிறது. கடைசியில் பிரசவ நேரத்தில் மூச்சு முட்டி நிற்கும் இளம்பெண்ணிடம்தான் நோயைக் கண்டுபிடிக்கிறோம்.

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் எம்.எஸ். வலியத்தான் குழுவினர் உருவாக்கி, 1990இல் முதன்முதலில் பொருத்திய சித்ரா வால்வு ஏழைகளுக்குப் பெரும் கொடை. ஆனாலும் வால்வு மாற்றியவர் ஆயுளுக்கும் ரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிட்டு, அடிக்கடி ரத்தம் சோதிக்க வேண்டும். மலையிலிருந்து அதற்காக எத்தனை முறை இறங்குவது?

தொண்டைவலி தொடங்கி 9 நாளுக்குள் பென்சிலின் கொடுத்தால் ருமாட்டிக் காய்ச்சலையே தடுக்கலாம். வந்துவிட்டவருக்கு மூன்று நான்கு வாரத்துக்கொரு பென்சாதின் பென்சிலின், ஆண்டுக்கணக்கில். அலர்ஜிக்குப் பயந்து ஊசி போடவே தயங்கும் மருத்துவர்கள் நம்மிடையே உண்டு. உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை மிக அரிது. அதைச் சமாளிக்கும் மருந்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போடுவதே முறை.

அதனால் இந்தக் கருத்தரங்கின் முதல் அமர்வில் ஒரு சிறு மாற்றம் செய்திருக்கிறேன். ஊசிக்கு வராமல் நின்றுபோன பிள்ளைகளைத் தேடி வீடுவீடாகப் போகும் செவிலியர்கள் முதலில் பேசட்டும். பேராசிரியர்கள் பிறகு.