விருதுநகர் மெயின் பஜார்: குடும்பக் கடைகளின் வரலாறு

மதுரையிலிருந்து தெற்கே திருநெல்வேலிக்குப் போகும் ரயில் பாதையில், ஏறக்குறைய 45 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது விருதுநகர். சுற்றிலும் கரிசல் நிலம். மழை குறைவு, வற்றாத ஆறு எதுவும் கிடையாது. பருத்தி, கம்பு, சோளம், மல்லி என்று வானம் பார்த்த பயிர்கள்தான் சுற்று வட்டாரத்தில் விளைகின்றன. அப்படியிருந்தும் பருப்பு, மிளகாய் வத்தல், மல்லி, எண்ணெய் ஆகியவை இந்த ஊரில் என்ன விலைக்குப் போகின்றன என்பதைத் தமிழ் நாளிதழ்கள் தவறாமல் வெளியிடுகின்றன. உளுந்து 100 கிலோ மூட்டைக்கு இவ்வளவு, நல்லெண்ணெய் 15 கிலோ டின்னுக்கு இவ்வளவு என்று வரும் அந்தப் பட்டியலுக்கு ‘விருதுநகர் மார்க்கெட் நிலவரம்’ என்று பெயர். பல ஊர் மளிகைக் கடைக்காரர்கள் அதைப் பார்த்துத்தான் கொள்முதல் செய்வார்கள்.

2011 கணக்கெடுப்பின்படி ஊரின் மக்கள்தொகை சுமார் 72,000. இவ்வளவு சிறிய ஊர் இவ்வளவு பெரிய சந்தையாக வளர்ந்ததற்குக் காரணம், தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்தார் நடத்திவந்த கடைகள். அவற்றில் பழமையானவை ஊரின் நடுவே, தெப்பக்குளத்தையும் பராசக்தி மாரியம்மன் கோயிலையும் ஒட்டிய மெயின் பஜாரிலும் அதிலிருந்து பிரியும் தெருக்களிலும் இருக்கின்றன.

இந்தக் கடைகளின் கதை மாட்டுவண்டியிலிருந்து தொடங்குகிறது. 1801-இல் பாளையக்காரர் போர்கள் முடிந்த பிறகு, வழிப்பயணம் முன்பைவிடப் பாதுகாப்பாயிற்று. திருநெல்வேலிச் சீமையின் தேரிக்காட்டில் பனைத்தொழிலை நம்பியிருந்த நாடார் சமூகத்தாரில் ஒரு பகுதியினர் கருப்பட்டி, உப்பு, கருவாடு ஆகியவற்றை வண்டியில் ஏற்றிக்கொண்டு வடக்கே வந்தார்கள். வழியில் இரவு தங்கவும் சரக்கைக் காக்கவும் மதில் சூழ்ந்த இடங்களை அமைத்தார்கள். நடுவில் கிணறும் சுற்றிலும் சரக்கு அறைகளும் கொண்ட அந்த இடத்துக்குப் பேட்டை என்று பெயர். நாளடைவில் பேட்டையைச் சுற்றி வீடுகளும் கடைகளும் எழுந்தன. இப்படி உருவான ராமநாதபுரம் சீமை வணிக ஊர்கள் ஆறு: விருதுப்பட்டி, சிவகாசி, அருப்புக்கோட்டை, திருமங்கலம், பாலையம்பட்டி, சாத்தங்குடி. இவற்றில் விருதுப்பட்டிதான் 1923-இல் விருதுநகர் என்று பெயர் மாறியது.

பேட்டையில் சரக்கை இறக்கிய ஒவ்வொரு வியாபாரியும் பொதுச் செலவுக்கு ஒரு சிறு தொகை கொடுத்தார். அதுவே மகமை. மூட்டைக்கு இவ்வளவு என்று வசூலான பணத்தை உறவின்முறை என்ற ஊர்ச் சபை நிர்வகித்தது. காவல், கோயில், கிணறு, பள்ளி எல்லாம் மகமைப் பணத்தில் நடந்தன. அந்தக் காலத்தில் நாடார்களுக்குப் பல கோயில்களில் நுழைய உரிமை இல்லை. இதையொட்டிய மோதலில் 1899-இல் சிவகாசி தாக்கப்பட்டது. தங்களைத் தாங்களே காத்துக்கொள்ள வேண்டிய நிலையில் இருந்த சமூகத்துக்கு இந்தப் பொது நிதி பெரும் பலமாக இருந்தது.

1876-இல் மதுரை–தூத்துக்குடி ரயில் பாதை திறக்கப்பட்டது. வண்டிப் பாதையில் இருந்த விருதுப்பட்டிக்கு ரயில் நிலையமும் துறைமுகத் தொடர்பும் கிடைத்தன. கரிசல் பருத்தி தூத்துக்குடி வழியாகக் கப்பலேறியது. வெளியூர்த் தானியங்களும் பயறுகளும் ரயிலில் வந்து இறங்கின. நடமாடும் வியாபாரம் கடை வியாபாரமாக நிலைபெற்றது. கமிஷன் மண்டிகள் பெருகின. விவசாயி கொண்டுவரும் சரக்கை விற்றுக் கொடுத்துக் கமிஷன் எடுத்துக்கொள்வது மண்டியின் வேலை. விலை ஏறும்வரை சரக்கைக் கிட்டங்கியில் இருப்பு வைப்பதும், முன்பணம் கொடுப்பதும் அந்த வேலையின் பகுதிகளே.

கடையும் குடும்பமும் ஒன்றோடொன்று பிணைந்திருந்தன. தகப்பனார் கல்லாவில் அமர்வார். ஒரு மகன் கொள்முதலுக்கு வெளியூர் போவார். இன்னொருவர் கிட்டங்கியைப் பார்த்துக்கொள்வார். உறவினர் வீட்டுப் பையன்கள் கடையில் தங்கி, முதலாளி வீட்டிலேயே சாப்பிட்டு, எடை போடுவதிலிருந்து கணக்கு எழுதுவதுவரை தொழில் பழகினார்கள். சில ஆண்டுகளுக்குப் பிறகு அவர்களில் பலர், முதலாளி கடனாகக் கொடுத்த சரக்கைக் கொண்டு வேறு ஊரில் தனிக் கடை வைத்தார்கள். பெயர்ப்பலகையில் பாட்டன், தகப்பன் பெயர்களின் முதலெழுத்துகள் முன்னே நிற்க, ‘அன் சன்ஸ்’ அல்லது ‘பிரதர்ஸ்’ என்று முடியும் பெயர்கள் இந்தப் பிணைப்பின் அடையாளம்.

இந்த வளர்ப்பு முறையில் பழகியவர்களுள் உலகறிந்தவர் காமராசர். அவர் 1903-இல் விருதுப்பட்டியில் பிறந்தார். அவருடைய தந்தை குமாரசாமி தேங்காய் வியாபாரி. தந்தை இறந்த பிறகு பள்ளிப் படிப்பு நின்றுபோக, காமராசர் மாமன் கருப்பையாவின் ஜவுளிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அரசியல் கூட்டங்களில் அவருக்கிருந்த ஈடுபாட்டைக் குறைக்க எண்ணிய குடும்பத்தார், திருவனந்தபுரத்தில் மரக்கடை வைத்திருந்த இன்னொரு மாமனிடம் அவரை அனுப்பிவைத்தார்கள். அந்த முயற்சி பலிக்கவில்லை. 1954-இல் அவர் முதலமைச்சரானார்.

காமராசர் படித்த சத்திரிய வித்தியாசாலை, வியாபாரிகளின் பொது முயற்சிக்கு நல்ல எடுத்துக்காட்டு. 1880-களின் இறுதியில் தொடங்கப்பட்ட அந்தப் பள்ளிக்கு மகமைப் பணம் உதவியது. ஒவ்வொரு வீட்டிலும் நாள்தோறும் ஒரு பிடி அரிசியை எடுத்துவைத்துப் பள்ளிக்குக் கொடுக்கும் வழக்கமும் இருந்தது. 1947-இல் ஊருக்குக் கல்லூரியும் வந்தது. சமூக அளவில் இதே உணர்வு 1910-இல் நாடார் மகாஜன சங்கமாகவும், 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியாகவும் வடிவெடுத்தது. அந்த வங்கியே 1962-இல் தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி என்று பெயர் பெற்றது.

சுதந்திரத்துக்குப் பிறகு பஜாரின் முக்கியச் சரக்குகள் பருப்பு, மிளகாய் வத்தல், மல்லி, எண்ணெய் என்று அமைந்தன. முழு உளுந்தையும் துவரையையும் வாங்கி உடைத்துப் பருப்பாக்கும் ஆலைகளும், எள்ளையும் கடலையையும் ஆட்டும் எண்ணெய் ஆலைகளும் ஊரின் ஓரங்களில் எழுந்தன. பல மண்டிக் குடும்பத்தாரே ஆலை முதலாளிகளும் ஆனார்கள். மொத்த வியாபாரத்திலிருந்து பாக்கெட் வியாபாரத்துக்கு மாறியவர்களும் உண்டு. 1980-களில் இதயம் என்ற பெயரில் நல்லெண்ணெயைத் தமிழகமெங்கும் கொண்டுசென்றது விருதுநகரின் ஒரு வியாபாரக் குடும்பமே.

ஊரின் ஆண்டுச் சுழற்சியும் கடைகளைச் சுற்றியே அமைந்தது. பங்குனி மாதம் மாரியம்மன் கோயிலில் நடக்கும் பொங்கல் திருவிழாவுக்கு வெளியூர்களில் கடை வைத்திருக்கும் குடும்பங்கள் திரும்பி வருகின்றன. அக்கினிச் சட்டி எடுப்பவர்களும், திருவிழாவையொட்டி நடக்கும் பொருட்காட்சிக்கு வருபவர்களும் தெருக்களை நிறைக்கிறார்கள். மற்ற நாட்களின் மாலையில், எண்ணெயில் பொரித்தெடுக்கும் பரோட்டாவுக்குப் பேர்போன ஓட்டல்களில் கூட்டம் சேர்கிறது.

இன்றைய பஜாரில் மாற்றங்கள் தெளிவாகத் தெரிகின்றன. லாரிகள் நுழையச் சிரமமான தெருக்களை விட்டுப் பல கிட்டங்கிகள் புறவழிச்சாலைப் பக்கம் போய்விட்டன. ஆலைகளும் பெரிய நிறுவனங்களும் நேரடியாகவே கொள்முதல் செய்வதால் இடைத்தரகின் பங்கு குறைகிறது. 2017-இல் சரக்கு சேவை வரி வந்தபின் பேரேட்டின் இடத்தைக் கணினி பிடித்தது. மருத்துவம், பொறியியல் படித்த பிள்ளைகள் எல்லோரும் கல்லாவுக்குத் திரும்புவதில்லை. ஆனாலும் காலையில் மூட்டைகள் இறங்குவதும், தொலைபேசியில் விலை பேசுவதும், சரக்கைக் கையில் அள்ளிப் பார்த்துத் தரம் சொல்வதும் தொடர்கின்றன. கடைகள் கூடிச் சேர்த்த பொதுப் பணத்தில் வளர்ந்த பள்ளிகளிலும் கல்லூரியிலும் இன்று எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள்.